மின்னசோட்டாவின் முதல் காலாட்படை: மகள் கயல்விழிக்கு

வேலூர்
மே 18

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பாவின் ஆசிகள். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பேசியபோது மாறன் கேட்ட கேள்விக்குத் தொலைபேசியில் இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “தாத்தா, எங்க ஊர்ப் படையில 262 பேர் எதிரியைப் பார்த்து ஓடினாங்க, 47 பேர்தான் மிச்சம். மத்தவங்க எல்லாரும் செத்துட்டாங்களா?” என்று கேட்டான். அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கு எதிராக வடக்கின் பக்கம் நின்ற மின்னசோட்டாவின் முதல் தன்னார்வக் காலாட்படையைப் பற்றி அவன் வகுப்பில் பேசப் போகிறான் என்றும், ஜூலை விடுமுறையில் நீங்கள் மூவரும் பென்சில்வேனியாவில் உள்ள கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றும் நீ சொன்னாய். பட்டாளத்தில் என் வேலை எழுத்தர் வேலை என்பது உனக்குத் தெரியும். கம்பெனி என்ற படைப்பிரிவின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு, யார் விடுப்பில் இருக்கிறார், யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யாரை வேறு பணிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தலைக்கும் கணக்குச் சொல்வதிலேயே என் காலம் கழிந்தது. அந்தப் பழக்கத்தோடு இந்தப் படையின் சேவை வரலாற்றை நெடுநாளாகப் படித்து வருகிறேன். மாறன் அதை ஒரு மாலை நேரத்துப் பாய்ச்சலாக மட்டும் தெரிந்துகொண்டு கெட்டிஸ்பர்க்குக்குப் போகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரவில் கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குப் படித்துக் காட்டு.

முதலில் அவன் கேள்விக்கு வருகிறேன். போர்க்களத்தில் அந்தப் படைக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தில் பொறித்திருப்பது இது: எட்டு கம்பெனிகளைச் சேர்ந்த 262 பேர் பாய்ந்தார்கள், இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 215 பேர் வீழ்ந்தார்கள், 47 பேர் வரிசையில் நின்றார்கள், காணாமல் போனவர் ஒருவரும் இல்லை. ஆகவே 215 பேரும் இறந்துவிடவில்லை. கெட்டிஸ்பர்க் சண்டை முழுவதற்குமாகப் படையின் அதிகாரபூர்வக் கணக்கு இறந்தவர் 50, காயம்பட்டவர் 173, காணாமல் போனவர் 1, ஆக 224 என்று சொல்கிறது. காயம்பட்டவர்களில் பலர் பின்னர் ஆஸ்பத்திரிக் கூடாரங்களில் இறந்தார்கள் என்பதையும், கை கால் இழந்து ஊர் திரும்பியவர்கள் உண்டு என்பதையும் மாறனிடம் மறைக்க வேண்டாம். ஆனால் எல்லோரும் செத்தார்கள் என்று அவன் வகுப்பில் சொல்லிவிடக் கூடாது. 47 பேர்தான் படையே என்பதும் சரியல்ல. சி கம்பெனி தலைமையகத்தில் காவல் பணியில் இருந்தது; எஃப் கம்பெனியை முன்னணிக் காவலுக்கு வேறு பக்கம் அனுப்பியிருந்தார்கள்; படையோடு இணைத்திருந்த குறிபார்த்துச் சுடும் வீரர்களின் எல் கம்பெனி ஒரு பீரங்கி அணிக்குத் துணையாக நின்றது. 262 என்ற எண்ணிக்கையே குறைவு என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எண் எதுவாக இருந்தாலும், “காணாமல் போனவர் இல்லை” என்ற அந்தச் சொற்களே என்னை அதிகம் பாதித்தன. அவ்வளவு பெரிய குழப்பத்தில் ஒருவர்கூடப் பின்வாங்கி ஓடவில்லை, விழுந்தவர் ஒவ்வொருவரும் தோழர்களின் கணக்கில் இருந்தார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று பட்டாள ஏட்டில் கிடையாது.

இனி தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். மின்னசோட்டா 1858 மே மாதத்தில்தான் மாநிலமானது. 1860இல் அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 1,72,000. தென் கரோலினாவின் சம்டர் கோட்டை தெற்கின் தாக்குதலில் விழுந்து போர் தொடங்கிய செய்தி வந்தபோது, ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சி தற்செயலாக வாஷிங்டனில் இருந்தார். 1861 ஏப்ரல் 14 அன்று காலையிலேயே போர்த்துறைச் செயலர் சைமன் கேமரனைப் பார்த்து, தன் மாநிலம் ஆயிரம் பேரைத் தரும் என்று வாக்குக் கொடுத்தார். லிங்கன் 75,000 பேரைக் கேட்டு அறிவிப்பு வெளியிட்டது அதற்கு மறுநாள்தான். ஆக, வடக்கு மாநிலங்களிலேயே முதலில் ஆள் தர முன்வந்தது உங்கள் மாநிலம். பதினைந்து நாளில், அதாவது ஏப்ரல் 29 அன்று, ஃபோர்ட் ஸ்னெல்லிங்கில் படை கூடி உறுதிமொழி எடுத்துவிட்டது. செயின்ட் பால், ஸ்டில்வாட்டர், மினியாபொலிஸ், செயின்ட் ஆந்தனி, ரெட் விங், ஃபாரிபோ, ஹேஸ்டிங்ஸ், வபாஷா, வினோனா என்று நீ காரில் கடக்கும் ஊர்கள்தான் அதன் கம்பெனிகள். மரம் வெட்டுபவர், உழவர், கடைக் கணக்கர், பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். படையின் முதல் மதகுரு எட்வர்ட் நீல். உன் வீட்டுக்கு அருகிலுள்ள மெக்கலெஸ்டர் கல்லூரியைப் பிற்பாடு நிறுவியவரும் அவர்தான்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அவர்கள் முதலில் கையெழுத்திட்டது மூன்று மாதத்துக்கு. பயிற்சி முடிவதற்குள் அரசு, மூன்று மாதப் படை வேண்டாம், மூன்று ஆண்டுக்கு வருவதானால் வாருங்கள் என்றது. பலர் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களை யாரும் பிடித்து வைக்கவில்லை. அவர்களுடைய இடத்தில் புதியவர்கள் வந்து சேர்ந்தார்கள். போகலாம் என்ற நிலையிலும் நின்று, மூன்று ஆண்டு என்று தெரிந்தே இரண்டாம் முறை உறுதிமொழி எடுத்தவர்கள்தான் பிறகு புல் ரன்னிலும் ஆன்டீட்டத்திலும் கெட்டிஸ்பர்க்கிலும் நின்ற படை. திரும்பிப் போனவர்களைக் கோழைகள் என்று நான் நினைக்கவில்லை. விளைச்சல் நிலத்தையும் கைக்குழந்தையையும் விட்டு வந்தவனுக்கு மூன்று மாதம் வேறு, மூன்று ஆண்டு வேறு. ஆனால் தன்னார்வப் படை என்பதன் பொருள் அந்த இரண்டாவது கையெழுத்தில்தான் இருக்கிறது என்று மாறனுக்குச் சொல். முதல் கையெழுத்தை வாத்தியமும் கொடியும் கூட்டமும் சேர்ந்து போட வைத்திருக்கலாம். இரண்டாவதை அவரவர் யோசித்துத்தான் போட்டார்கள்.

ஃபோர்ட் ஸ்னெல்லிங்கைப் பற்றி இன்னொன்றும் உண்டு. விமான நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் நீ பார்க்கும் அதே கோட்டையில், 1830களில் ஓர் இராணுவ மருத்துவரின் அடிமையாக ட்ரெட் ஸ்காட் வாழ்ந்தார். ஹாரியட்டை அவர் மணந்ததும் அங்கேதான். அடிமைமுறை தடை செய்யப்பட்ட மண்ணில் வாழ்ந்ததால் தமக்கு விடுதலை உண்டு என்று அவர்கள் தொடுத்த வழக்கில், 1857இல் உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்கள் குடிமக்களே அல்லர் என்று தீர்ப்புச் சொன்னது. நாட்டைப் போரை நோக்கித் தள்ளிய காரணங்களுள் அதுவும் ஒன்று. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாடு பிளவுபடக் கூடாது என்பதற்காகச் சேர்ந்தவர்கள். அடிமைமுறையை ஒழிப்பது 1863 ஜனவரி முதல் நாளில்தான் போரின் அறிவிக்கப்பட்ட நோக்கமாயிற்று. இருந்தாலும் ட்ரெட் ஸ்காட்டும் ஹாரியட்டும் நடமாடிய கோட்டை வாசல் வழியாகத்தான் இவர்களும் வெளியேறினார்கள் என்பதை மறக்க முடியாது.

1861 ஜூன் 22 அன்று மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகேறிப் புறப்பட்டார்கள். மாநிலம் கொடுத்த சிவப்புக் கம்பளிச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் கறுப்புத் தொப்பியும்தான் சீருடை. சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 21 அன்று, வர்ஜீனியாவில் புல் ரன் ஓடைக்கரையில் முதல் சண்டை. ஹென்றி ஹவுஸ் குன்றின் மேல் ரிக்கெட்ஸின் பீரங்கி அணிக்குப் பக்கத்தில் நின்று, ஏறக்குறைய 180 பேரை இழந்தார்கள். வடக்கின் படைகளில் அன்று மிக அதிகமாக இழந்தவற்றுள் இதுவும் ஒன்று. வடக்கின் சேனையே கலைந்து வாஷிங்டனை நோக்கி ஓடிய நாளில், இவர்கள் ஒழுங்கு கலையாமல் பின்வாங்கியதைப் பலரும் குறித்து வைத்திருக்கிறார்கள். புதுப் படைக்கு முன்னேறுவதை விடக் கடினம் அடிபட்ட பிறகு வரிசையாகத் திரும்புவது. பட்டாளத்தில் இருந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

1862ஆம் ஆண்டு முழுவதையும் நான் விரித்து எழுதப் போவதில்லை. தெற்கின் தலைநகரான ரிச்மண்டை நோக்கிய தீபகற்பப் போரில் ஃபேர் ஓக்ஸ், சாவேஜ் ஸ்டேஷன், மால்வர்ன் குன்று என்று சேற்றிலும் காய்ச்சலிலும் ஒரு கோடைக்காலம் கழிந்தது. செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டத்தில், ஜெனரல் செட்ஜ்விக்கின் டிவிஷன் என்ற பெரும் படைப்பிரிவோடு மேற்குக் காட்டுக்குள் நுழைந்தபோது மூன்று பக்கமும் எதிரி. அரை மணிக்குள் அந்த டிவிஷன் 2,000க்கும் மேற்பட்டவர்களை இழந்தது. டிசம்பரில் ஃபிரெடெரிக்ஸ்பர்க். கர்னல்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். கோர்மனுக்குப் பின் டானா, சல்லி, மோர்கன். அவர்களுக்குப் பின் ரெட் விங் ஊர்க்காரரும் வழக்கறிஞரும் பத்திரிகையாளருமான வில்லியம் கால்வில்.

அந்த ஆண்டில் அவர்கள் பார்க்காத ஒன்று அவர்கள் வீட்டிலேயே நடந்தது. படை வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் இருந்தபோது, மின்னசோட்டாவில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களுக்கும் குடியேறிகளுக்கும் இடையே 1862 ஆகஸ்டில் போர் மூண்டது. ஒப்பந்தப்படி தர வேண்டிய பணமும் உணவும் வராமல் பட்டினி கிடந்த மக்கள் அவர்கள். டிசம்பர் 26 அன்று மங்காட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாகச் சுமார் 1,600 பேர், இந்தப் படை உறுதிமொழி எடுத்த அதே ஃபோர்ட் ஸ்னெல்லிங்கின் அடிவாரத்தில், வேலியடைத்த முகாமில் குளிர்காலம் முழுவதும் வைக்கப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயில் மடிந்தார்கள். டகோட்டா மக்களை அழிக்க வேண்டும் அல்லது மாநில எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும் என்று சட்டமன்றத்தில் பேசியவர், ஆயிரம் பேரைத் தருகிறேன் என்று முதலில் முன்வந்த அதே ஆளுநர் ராம்சி. முதல் மின்னசோட்டா படைக்கு இதில் பங்கில்லை. அதன் சேவைக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் மாறன் வளர்வது அந்த மண்ணில். ஒரு பக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டு பெருமைப்படும் பிள்ளையாக அவன் வளர நானும் விரும்பவில்லை, நீயும் விரும்ப மாட்டாய். வகுப்பில் பேசுகிறானோ இல்லையோ, இதை அவன் தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது 1863 ஜூனுக்கு வருகிறேன். தெற்கின் தளபதி இராபர்ட் லீ வடக்கே பென்சில்வேனியாவுக்குள் நுழைந்துவிட்டார் என்று தெரிந்ததும், வடக்கின் சேனை அவரை விரட்டிக்கொண்டு நடந்தது. ஜூன் 29 அன்று மட்டும் இவர்களுடைய படைத்தொகுதி முப்பது மைலுக்கு மேல் நடந்தது. வழியில் முழங்காலளவு ஓடை ஒன்று குறுக்கிட்டது. யாரும் வரிசையை விட்டு விலகாமல் நேராகத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஓடையின் ஓரமாக மரக்கட்டைகள் கிடந்தன. வீரர்களில் சிலர் அவற்றின் மேல் ஏறிக் கடந்தார்கள், கால்வில் தடுக்கவில்லை. அதற்காக அவரைக் கைது நிலையில் வைத்து, படைத்தலைமையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். நனைந்த காலுறையோடு பூட்ஸுக்குள் பத்து மைல் நடந்தவனுக்குத் தெரியும்: குதிகாலிலும் விரலடியிலும் தோல் வெளுத்து, உப்பி, பிறகு உரிந்து, மாலையில் பூட்ஸைக் கழற்றும்போது தோலும் காலுறையோடு சேர்ந்து வரும். மறுநாளும் அதே காலோடுதான் நடக்க வேண்டும். தன் ஆட்களின் பாதத்தை நினைத்த அதிகாரி அவர். அவர்மேல் அவர்களுக்கு இருந்த பற்று அங்கிருந்துதான் வந்தது என்று நான் நினைக்கிறேன். ஜூலை 2 அன்று சண்டைக்குள் நுழையும்போது தலைமையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்று மாலை நடந்ததை மாறன் படித்திருப்பான். ஆனாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். வடக்கின் சேனை செமெட்டரி ரிட்ஜ் என்ற மேட்டு வரிசையில் நின்றது. ஜெனரல் சிக்கிள்ஸ் தன் படைத்தொகுதியை அங்கிருந்து முன்னால் எமிட்ஸ்பர்க் சாலை வரை நகர்த்தியிருந்தார். மாலையில் அது உடைந்து, ஆட்கள் சிதறிப் பின்னால் ஓடி வந்தார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு தெற்கின் ஜெனரல் வில்காக்ஸின் அலபாமாப் படையணி, 1,600 பேருக்குக் குறையாமல், மேட்டை நோக்கி ஏறி வந்தது. மேட்டில் அந்த இடத்தில் பெரிய இடைவெளி. அடைக்க வேண்டிய படைகள் வந்துகொண்டிருந்தன, ஆனால் இன்னும் வந்து சேரவில்லை. குதிரையில் வந்த ஜெனரல் ஹேன்காக் அங்கே கண்டது இந்த எட்டு கம்பெனிகளை மட்டுமே. எதிரியின் கொடியைக் காட்டி அதைப் பிடிக்கும்படி கால்விலுக்கு உத்தரவிட்டார். ஒவ்வொருவரும் செத்தாலும் அந்த உத்தரவைக் கொடுத்திருப்பேன், எனக்கு ஐந்து நிமிடம் தேவைப்பட்டது என்று அவர் பின்னாளில் சொன்னார்.

அவர்கள் துப்பாக்கி முனையில் கத்தியைப் பூட்டி, சரிவில் வரிசையாக ஓடினார்கள். கீழே பிளம் ரன் என்ற வறண்ட ஓடை. அதைக் கடந்துகொண்டிருந்த எதிரியின் முன்வரிசை பின்னால் சாய்ந்தது. பிறகு ஓடைக்குள் பதுங்கி, ஏறக்குறைய மூன்று பக்கமும் சூழ்ந்து வந்த துப்பாக்கிகளுக்கு எதிரே, பின்னால் புதிய படைகள் வந்து சேரும் வரை தாக்குப்பிடித்தார்கள். கொடி ஐந்து முறை கீழே விழுந்தது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்தார். கால்விலுக்குத் தோளிலும் பாதத்திலும் குண்டு. அவருக்கு அடுத்த லெப்டினன்ட் கர்னல் ஆடம்ஸும், அவருக்கும் அடுத்த மேஜர் டௌனியும் விழுந்தார்கள். தலைமை கேப்டன் நேதன் மெசிக்கிடம் வந்தது. அவரும் மறுநாள் இறந்தார். அதன் பிறகு கேப்டன் கோட்ஸ்.

கயல், இந்தப் பாய்ச்சலை விட என்னை நிறுத்தி வைத்தது அதன் மறுநாள் காலை. ஈ கம்பெனியில் ஐசக் டெய்லர், ஹென்றி டெய்லர் என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். ஐசக் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். அணிவகுப்பு, வானிலை, கிடைத்த உணவு, படித்த செய்தி என்று விடாமல் எழுதிக்கொண்டு வந்தார். ஜூலை 2 மாலை அவர் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். இரவில் சகோதரரைத் தேடி, காலையில்தான் ஹென்றி உடலைக் கண்டார். தோழர்களைச் சேர்த்துக்கொண்டு தன் கையாலேயே அடக்கம் செய்தார். பிறகு அந்த நாட்குறிப்பை எடுத்து, இதற்கு உரியவர் ஜூலை 2 சூரியன் மறையும் நேரத்தில் கொல்லப்பட்டார், அவர் முகம் எதிரியை நோக்கியே இருந்தது என்று தன் கையெழுத்தில் எழுதி வைத்தார். என் மேசையில் நான் எழுதிய பதிவுகளில் இப்படி ஒன்று இருந்ததில்லை. இறப்பைப் பதிவு செய்வதற்கு நாளும் இடமும் காரணமும் போதும். முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அதை எழுத உடன்பிறந்தவர் வேண்டியிருந்தது. எழுதி முடித்தவர் அன்று பிற்பகல் மறுபடியும் வரிசையில் நின்றார் என்பதையும் சேர்த்துப் படி. ஜூலை 3 பிற்பகலில்தான் தெற்கின் ஜெனரல் பிக்கெட்டின் பெரும் தாக்குதல் வந்தது; மிஞ்சியிருந்தவர்களும் திரும்பி வந்த எஃப் கம்பெனியும் அதற்கு எதிரேயும் நின்றார்கள். அன்று இன்னும் 17 பேர் விழுந்தார்கள் என்கிறது நினைவுச் சின்னம்; அதிகாரபூர்வக் கணக்கான 224ஓடு இது முழுதாகப் பொருந்தாது.

அந்தப் பிற்பகலில்தான் மார்ஷல் ஷெர்மன் என்ற சாதாரணச் சிப்பாய் 28ஆவது வர்ஜீனியாப் படையின் கொடியைப் பிடித்தார். அதற்காக அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. அந்தக் கொடி இன்றும் செயின்ட் பாலில் மின்னசோட்டா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. வர்ஜீனியா திருப்பிக் கேட்கும்போதெல்லாம் உங்கள் மாநிலம் மறுத்து வருகிறது. 2000இல் ஆளுநர் வென்டுராவும், 2013இல் இரவலாகக் கேட்டபோது ஆளுநர் டேட்டனும் மறுத்தார்கள். இது சரிதான் என்பது என் கருத்து. அடிமைமுறையைக் காக்கத் தூக்கிய கொடி அது. அதைக் காலோடும் கையோடும் விலை கொடுத்துப் பிடித்தவர்களின் ஊரிலேயே இருக்கட்டும். ஷெர்மன் பிறகு மீண்டும் படையில் சேர்ந்து, ஒரு காலை இழந்து, செயின்ட் பாலில் வாழ்ந்து மறைந்தார்.

கெட்டிஸ்பர்க்கோடு கதையை நிறுத்திவிடுகிறவர்கள் ஆகஸ்ட் மாதத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. அந்த ஜூலையில் நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துப் பெரும் கலவரம் நடந்தது. 300 டாலர் கட்டினால் பணக்காரன் தப்பித்துக்கொள்ளலாம் என்ற சட்டத்தின் மேல் ஏழைகளுக்கு இருந்த கோபம், கறுப்பின மக்களைத் தெருவில் கொன்று தூக்கிலிடும் வெறியாக மாறியது. மறுபடியும் ஆள்சேர்ப்புக் குலுக்கல் நடக்கும்போது அமைதி காக்க, இந்தப் படையின் மிஞ்சிய பகுதியையும் நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். தாமாக வந்து கையெழுத்திட்டு, பாதிக்கு மேல் அழிந்துபோன ஒரு படை, வர மறுக்கிறவர்களைக் கட்டாயமாகச் சேர்க்கும் வேலைக்குக் காவல் நின்றது. அவர்கள் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. செப்டம்பரில் மீண்டும் வர்ஜீனியா. அக்டோபர் 14 அன்று பிரிஸ்டோ ஸ்டேஷனில் நல்ல சண்டை போட்டு, பீரங்கிகளையும் கைதிகளையும் பிடித்தார்கள். நவம்பரில் மைன் ரன்.

1864 பிப்ரவரியில் ஊர் திரும்பும் உத்தரவு வந்தது. வாஷிங்டனில் விருந்து வைத்து அனுப்பினார்கள். இரயில் லா கிராஸ் வரைதான். அதற்கு மேல் மிசிசிப்பி உறைந்து கிடந்தது. போகும்போது படகில் போன அதே ஆற்று வழியில், வரும்போது பனிச்சறுக்கு வண்டிகளில், வினோனா, ரெட் விங், ஹேஸ்டிங்ஸ் என்று ஒவ்வொரு ஊராக இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் மக்கள் சாப்பாடு போட்டுக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் வராதவர்களின் வீட்டாரும் நின்றிருப்பார்கள். ஏப்ரல் கடைசியில், மூன்று ஆண்டு முடிந்ததும், தொடங்கிய ஃபோர்ட் ஸ்னெல்லிங்கிலேயே படை கலைக்கப்பட்டது. போர் இன்னும் ஓர் ஆண்டு நடந்தது. மீண்டும் சேர விரும்பியவர்களையும் புதியவர்களையும் வைத்து முதல் மின்னசோட்டா பட்டாலியன் ஒன்று அமைந்து, பீட்டர்ஸ்பர்க் முற்றுகையிலும், 1865 ஏப்ரலில் அப்பமாட்டக்ஸில் லீ சரணடைந்த இடத்திலும் இருந்தது. ஆனால் பெரும்பாலோர் மறுபடி சேரவில்லை. வாக்குக் கொடுத்த மூன்று ஆண்டை முழுமையாகக் கொடுத்துவிட்டு உழவுக்கும் கடைக்கும் பள்ளிக்கும் திரும்பினார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை என்று மாறனுக்குத் தெளிவாகச் சொல். சொன்ன காலம் முழுவதும் நிற்பதே கடமை. அதை இவர்கள் செய்து முடித்தார்கள்.

இன்னொரு கணக்கையும் அவன் குறித்துக்கொள்ளட்டும். சேவைக்காலம் முழுவதிலும் சண்டையிலும் காயத்தாலும் இறந்தவர்கள் 10 அதிகாரிகள், 177 வீரர்கள், நோயால் இறந்தவர்கள் 2 அதிகாரிகள், 97 வீரர்கள், ஆக 286. அந்தப் போரில் வடக்கின் பக்கம் மடிந்தவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப்போக்காலும் குடற்காய்ச்சலாலும் அம்மையாலும் இறந்தவர்களே. மற்ற படைகளின் ஏட்டில் நோய்க்கணக்குதான் நீளமாக இருக்கும். இந்தப் படையில் குண்டுக்கு இறந்தவர்கள் நோய்க்கு இறந்தவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்களை எப்படிப்பட்ட இடங்களில் நிறுத்தினார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நோயில் போன 99 பேரையும் மாறன் தன் பேச்சில் விட்டுவிடக் கூடாது. கூடாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறந்தவனும் அதே உறுதிமொழியை எடுத்தவன்தான். அவனுக்குச் சிலை வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கெட்டிஸ்பர்க்கில் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லி முடிக்கிறேன். ஹேன்காக் அவென்யூவில் ஓடும் வீரனின் வெண்கலச் சிலையோடு உயரமான நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் பொறித்திருப்பதை முழுவதும் படியுங்கள். அங்கிருந்து மேற்கே பிளம் ரன் வரை தெரியும் சரிவைப் பாருங்கள். பூங்காவினர் அனுமதிக்கும் பாதை வழியாக மாறனை நடக்கச் சொல், ஓட வேண்டாம். பிறகு தேசியக் கல்லறைக்குப் போங்கள். மின்னசோட்டாப் பகுதியில் 52 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். அங்கே ஒரு சலவைக்கல் தாழி உண்டு; படையில் உயிரோடிருந்தவர்கள் 1867இலேயே வைத்தது. பெரிய சிலைக்கு முப்பது ஆண்டு முந்தியது. போர்க்களத்தின் முதல் நினைவுச் சின்னம் அதுதான் என்பார்கள். எனக்கு அதன் படம் வேண்டும், கல்லில் உள்ள எழுத்துகள் தெரியும்படி.

போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேனன் ஃபால்ஸுக்குப் போய்விட்டு வாருங்கள்; செயின்ட் பாலிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். கால்வில் அங்கே அடக்கமாகியிருக்கிறார். காயங்களோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1905இல் பழைய தோழர்களின் சந்திப்புக்காக நகரத்துக்கு வந்த இடத்தில் இறந்தார். 1928இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜே வந்து அந்த நினைவிடத்தைத் திறந்து வைத்தார். மாநிலத் தலைமைச் சட்டமன்றக் கட்டடத்திலும் அவருக்குச் சிலை இருக்கிறது. பள்ளிப் பேச்சுக்கு முன் அதைப் பார்த்தாலும் போதும்.

மாறன் பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல். எண்களை நான் சரிபார்த்துத் தருகிறேன். கம்பெனிகளின் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளட்டும். கேள்வி கேட்டால் பார்த்துச் சொல்லலாம். மாப்பிள்ளையை நீண்ட தூரம் தனியாகக் கார் ஓட்ட விடாதே, மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அம்மா உனக்கு வத்தல் பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். வந்து சேர்ந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா